வேன் வருவதற்குள் போட்ட கையெழுத்து

2002 ஜூலை 9, செவ்வாய்

பெங்களூர் லிங்கராஜபுரத்திலிருந்து மூன்று பஸ், ஹெப்பகோடியில் இறங்கி ஒரு டெம்போ. நெல்லிகுண்டே போய்ச் சேர இரண்டரை மணி நேரம். வழியெல்லாம் மழை வருமா வராதா என்றே பேச்சு. வரவில்லை.

நான்கு மணிக்குப் பள்ளிக்கூட வராண்டாவில், மழைத்தண்ணீரைத் தேக்கும் வாட்டர்ஷெட் திட்டத்தின் கமிட்டிக் கூட்டம். நான்கு அடிக்கும்போதே காலனிப் பெண்கள் முப்பத்தொரு பேரும் வந்து உட்கார்ந்தாயிற்று. நிலக்காரர்களில் ஒருத்தர்கூட இல்லை. தலைவர் கிருஷ்ணப்பா மாட்டுக்குத் தீனி போட்டு, காபி குடித்து, ஐந்தரைக்குத்தான் வருவார். அவர் வராமல் மற்றவர்கள் வரமாட்டார்கள். ஒன்றரை வருடமாக இதே கதை.

ஐந்தரைக்கு மெயின் ரோட்டில் வேன் வந்துவிடும். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனிக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு தரை துடைக்க, கண்ணாடி துடைக்க, இந்தப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் வேன். ஒரு நிமிஷம்கூட நிற்காது. அதனால் கூட்டம் ஆரம்பிக்கும்போது காலனி எழுந்து போய்விடும். காலனிக் குடும்பங்களில் பாதிப்பேராவது கையெழுத்துப் போடாத தீர்மானம் செல்லாது என்பது திட்டத்தின் விதி. போன நான்கு கூட்டமும் அதனாலேயே வீண். எங்கள் தொண்டு நிறுவனத்தின் இயக்குநர் ஆராவமுதன் சார் என்னை வறுத்தெடுத்துவிட்டார். "மக்களைத் திரட்டத்தானேம்மா உங்களை வெச்சிருக்கோம்?"

இன்று எனக்கு ஒரு யோசனை வந்தது. கூட்டம் எப்போது நடந்தால் என்ன, கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டால் என்ன? செயலாளர் முனிராஜ் தீர்மானப் புத்தகத்தில் பக்கத்தின் மேல்பாதியைக் காலியாக விட்டு, கீழே வாங்கினான். இருபத்துநான்கு ரேகை, ஏழு கையெழுத்து. அந்த ஏழும் நான் பெண்கள் சங்கத்தில் சொல்லிக்கொடுத்தவை.

பச்சக்காதான் முதலில். பச்சையம்மா என்று எழுத அவளுக்கு மூன்று வரி உயரம் வேண்டும். காலி இடத்துக்குள் ஏறிவிட்டது. "சின்னதா போடுக்கா" என்றேன்.

"ஏழு மாசம் கஷ்டப்பட்டுக் கத்துக்கினேன் மேடம். சின்னதா வேற போடணுமா? நல்லா கீதே நீ சொல்றது."

மேடம் என்பாள், அடுத்த சொல் நீ என்பாள். அவளிடம் அது மரியாதைதான்.

இன்று கூட்டம் செல்லும். நன்றாகத் தூங்குவேன்.

ஜூலை 23, செவ்வாய்

இன்றும் அதே முறை. முனிராஜ் நான் சொல்வதற்கு முன்பே புத்தகத்தை விரித்து வைத்திருந்தான். சார் போனில், "மௌரீன், எக்ஸலெண்ட்" என்றார். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எழுதாமல் படுக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

காலனி கையெழுத்துப் போட்டுவிட்டு வேனுக்கு ஓடிய பிறகு கூட்டம் ஆரம்பித்தது. ஆராவமுதன் சாரும் இஞ்சினியரும் வந்திருந்தார்கள். பேச்சு, கரட்டைப் பற்றி. ஊருக்குக் கிழக்கே இருக்கும் பாறைக் குன்று. நாற்பத்திரண்டு ஏக்கர், அரசாங்க மேய்ச்சல் நிலம், ஊருக்குப் பொது. அதில் வரப்பு வரப்பாகப் பள்ளம் வெட்டி, செடி நட்டு, மூன்று வருடம் ஆடு மாடு ஏறாமல் காத்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், அடிவாரத்துப் போர்வெல்லில் ஊறும். இஞ்சினியர் சொன்னதில் தப்பே இல்லை.

ஆனால் அடிவாரத்து நிலம் கிருஷ்ணப்பாவுடையது, அவர் பங்காளிகளுடையது. கரட்டில் ஆடு மேய்ப்பது காலனி. ஒரு சென்ட் நிலம் கிடையாது. நூற்று அறுபது ஆடுதான் அவர்கள் சொத்து. பிள்ளைக்கு ஃபீஸ் என்றால் ஒரு ஆடு, ஆஸ்பத்திரி என்றால் ஒரு ஆடு.

"காலனிக்காரங்களைக் கேட்க வேண்டாமா?" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கிருஷ்ணப்பா கன்னடத்தில் சொன்னார், "அவங்கதான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காங்களே மேடம்." கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார்.

சார் வாட்ச்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முனிராஜ் காலிப் பாதியில் எழுத ஆரம்பித்தான். கரடு மூன்று வருடம் மூடப்படும், ஆட்டை விற்றுவிடக் காலனியார் ஒப்புக்கொண்டார்கள், அனைவரும் ஒருமனதாக. காலனி வாயிலிருந்து வராத வார்த்தை, காலனிக் கையெழுத்துக்கு மேல்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குக் காலனிக்குப் போய் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 14

இன்னும் போகவில்லை. ஒரு நாள் காய்ச்சல் என்று லீவு போட்டேன். காய்ச்சல் இல்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஆட்டைப் பிடித்துவிட்டார்கள்.

கரட்டில் பள்ளம் வெட்டும் வேலை ஆரம்பித்து மூன்றாம் நாள். காவலுக்குப் போட்ட ஆள் முப்பத்தெட்டு ஆட்டை ஓட்டிவந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அடைத்துவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது காலனியே அங்கே நின்றது. ஆடுகள் தண்ணீர் இல்லாமல் கத்திக்கொண்டிருந்தன.

"எவன் சொன்னான் கரட்டுல மேயக்கூடாதுன்னு?" பச்சக்காவின் சத்தம் மெயின் ரோடு வரை கேட்டிருக்கும்.

முனிராஜ் புத்தகத்தை எடுத்து வந்து விரித்தான். "நீங்கதான் சொன்னீங்க. பாருங்க, உங்க கையெழுத்து."

அவள் குனிந்து பார்த்தாள். படிக்கத் தெரியாது. தன் பெயர் மட்டும் தெரியும். அது அங்கே இருந்தது, மூன்று வரி உயரத்துக்கு. நிமிர்ந்து முனிராஜைப் பார்க்கவில்லை. கிருஷ்ணப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மேடம். நீதானே எழுதக் கத்துக் குடுத்த?"

அவ்வளவுதான் கேட்டாள். கடைசியில் தலைக்கு இவ்வளவு என்று அபராதம் கட்டி ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். ரசீது எழுதிக் கொடுத்ததும் முனிராஜ்தான். அதிலும் கையெழுத்து கேட்டான். ஒருத்தியும் போடவில்லை. ஏழு பேருமே கட்டை விரலை நீட்டினார்கள் — எழுதத் தெரிந்தவர்கள்!

திரும்பி வரும்போது டெம்போவில் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷி.

ஆகஸ்ட் 30

தியோடரிடம் எல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். முழுக்கக் கேட்டுவிட்டு, "தப்பு எங்க ஆச்சு?" என்றார்.

"கிருஷ்ணப்பா நேரத்துக்கு வந்திருந்தா—"

"அது விடு. அந்த ஆளு எப்பவும் அப்படித்தான்னு உனக்குத் தெரியும். தப்பு எங்க ஆச்சு?"

"காலிப் பக்கத்துல கையெழுத்து வாங்கினது."

"யார் ஐடியா?"

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். பாவி மனுஷன். ஆனால் அவர் கேட்டது சரிதானே? அந்தப் பெண்கள் கூலி போகக்கூடாது என்றுதான் செய்தேன். அப்படியா? என் கூட்டம் செல்லுபடியாக வேண்டும் என்பதற்காகவும்தான். இரண்டில் எது அதிகம்? இங்கே எனக்கு நானே பொய் எழுதிக்கொள்வதில் ஒரு லாபமும் இல்லை. இரண்டாவதுதான் அதிகம்.

செப்டம்பர் 4, புதன்

ஆராவமுதன் சாரைப் பார்த்தேன். நீர்ப்பாசனத் துறையில் முப்பது வருடம் இருந்தவர். மேஜையில் ஒரு தூசி இருக்காது.

"தீர்மானத்தை ரத்து பண்ணணும் சார். அவங்க கையெழுத்து வாங்கறப்போ பக்கம் காலியா இருந்தது."

பேனாவை மூடி வைத்தார். "சொல்றேன் கேளும்மா. இருபத்துநாலாம் தேதி மதிப்பீட்டுக் குழு வரது. அவாகிட்ட போய் இதைச் சொன்னா என்ன ஆகும்? ஃபண்டை நிறுத்திடுவா. ஏரி தூர் வாரறது நிக்கும். கரட்டுல பள்ளம் வெட்டற கூலி யாருக்குப் போறது? காலனிக்குத்தானே? அதுவும் நிக்கும். ஒரு ஆட்டுக்காக ஒரு ஊரையே காயப்போடச் சொல்றேளா?"

"நூத்து அறுபது ஆடு சார்."

"மௌரீன். பேப்பர்ல எல்லாம் சரியா இருக்கு. அதை நீங்களே கலைக்காதீங்கோ. கலைச்சா முதல்ல யார் பேர் அடிபடும்னு யோசிச்சுக்கோங்கோ."

மிரட்டல் மாதிரி இல்லை. அக்கறை மாதிரி இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

ஊரெங்கும் காவிரிப் பேச்சு. பஸ்ஸில் வாயைத் திறந்தால் கன்னடம் மட்டும்தான். பக்கத்து சீட்டில் ஒரு பையன் செல்போனில் "அம்மா, அப்புறம் பேசறேன்" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்தான்.

காலனிக்குப் போனேன். ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக யாரும் பாய் போடவில்லை. சிவாஜிநகரிலிருந்து கறிக்கடைக்காரரின் மினி லாரி வந்து நின்றது. பச்சக்கா நான்கு ஆட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். அதில் ஒன்று சினை. அவள் குனிந்து அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, கடைசி நிமிஷத்தில் இறக்கிக்கொண்டாள். லாரிக்காரர் திட்டினார்.

லாரி போன பிறகு கை கழுவிக்கொண்டே கேட்டாள். "மேடம், அன்னிக்கி நாங்க பேர் போடறப்ப மேல ஏதாச்சும் எழுதியிருந்துச்சா?"

"இல்லக்கா."

"இருபத்துநாலாந்தேதி பெரியவங்க வராங்களாமே. அவங்க முன்னாடி இத சொல்லுவியா?"

"பாக்கலாம்" என்றேன்.

பாக்கலாமாம்! எதைப் பார்க்கப் போகிறேன்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 17, செவ்வாய்

கிருஷ்ணப்பா கூப்பிட்டனுப்பினார். தன் நிலத்தைக் காட்டினார். எண்ணூறு அடி போர், காற்றுதான் வருகிறது. போட்ட தக்காளி செடியிலேயே கருகி நிற்கிறது. "எனக்கு அந்த ஜனங்க மேல கோபமே இல்ல மேடம். ஆடு மேய்ஞ்சா செடி எப்படி வரும்? செடி வரலேன்னா தண்ணி எப்படி வரும்? நீங்களே சொல்லுங்க." அவர் கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை.

"நாலு மணிக்குக் கூட்டத்துக்கு வந்து இதையே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

என்னை விசித்திரமாகப் பார்த்தார். அது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர்களிடம் போய்க் கேட்பது என்பது அவர் தலையில் எந்தப் பக்கத்திலும் இல்லை. மறுக்கவில்லை, கோபப்படவில்லை. வெறுமனே விளங்கவில்லை.

அவர் மனைவி வெள்ளி டம்ளரில் காபி கொண்டுவந்தார். "நீங்க எந்த ஜனம்?" என்று கேட்டார். கிறிஸ்டியன் என்றேன். "அது தெரியும். அதுக்கு முன்னாடி?" சிரித்துக்கொண்டே காபியைக் குடித்துவிட்டேன்.

கோலார் தங்கவயலில் என் அம்மா பிறந்த சுரங்கத் தொழிலாளர் லைனுக்கும் பச்சக்காவின் காலனிக்கும் பெயர்தான் வேறு. அதைச் சொல்லியிருந்தால் அடுத்த முறை அந்த வெள்ளி டம்ளர் வெளியே வருமா? ஒன்றரை வருடமாக அந்த டம்ளருக்காகவும் நான் வாய் பேசாமல் இருந்திருக்கிறேன். எழுதும்போதே கூசுகிறது.

செப்டம்பர் 23, திங்கள்

நாளைக்குக் குழு. சார் காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார். நான் பேச வேண்டியதை ஒரு தாளில் டைப் அடித்தும் அனுப்பிவிட்டார். அழகான தாள். அதில் "மக்கள் பங்கேற்பு" என்று ஏழு இடத்தில் வருகிறது.

தியோடர் கேட்டார், "வேலை போச்சுன்னா?"

"போச்சுன்னா?"

"போச்சுன்னா போச்சு. ஆனா கோபத்துல செய்யாத மௌரீ. அப்புறம் என் மேல எரிஞ்சு விழுவ." சிறிது நேரம் கழித்து, "அந்த அம்மா ஆடு இன்னும் எத்தனை இருக்கு?" என்றார்.

ஏழு.

சொன்னால் ஃபண்டு நிற்கும். சொல்லாவிட்டால் கரடு போகும். சார் சொன்னதுபோல் பள்ளம் வெட்டும் கூலியும் நின்றால் காலனியே என்னைச் சபிக்கும். யாருக்கு நல்லது செய்யப் போகிறேன்? என் மனசாட்சிக்கு மட்டுமா? கர்த்தரே, எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

முடிந்தது. தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

பெரியவர்கள் வருகிறார்கள் என்றதும் கிருஷ்ணப்பா மூன்றே முக்காலுக்கே சலவைச் சட்டையில் ஆஜர். குழுவில் மூன்று பேர். தலைவி ராஜலக்ஷ்மி என்று ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி, பெங்களூர்த் தமிழர், கண்ணாடியைச் செயினில் மாட்டியிருந்தார். முனிராஜைத் தீர்மானத்தைப் படிக்கச் சொன்னார். அவன் படித்தான். காலனிப் பெண்கள் முதல் முறையாக அதைக் காதால் கேட்டார்கள். ஆட்டை விற்றுவிடக் காலனியார் ஒப்புக்கொண்டார்கள் என்ற இடத்தில் ஒரு சலசலப்பு.

"இது உங்க கையெழுத்தா?" என்று பச்சக்காவைக் கேட்டார்.

"என்துதான்."

ஆராவமுதன் சார் மூச்சு விட்டார். எனக்குக் கேட்டது.

"பேரு நான் போட்டதும்மா, இல்லேன்னு சொல்லமாட்டேன். நான் போடறப்ப மேல ஒண்ணும் இல்ல. வெள்ளையா இருந்துச்சு."

"இவங்களுக்குப் படிக்கத் தெரியாது மேடம், மறந்திருப்பாங்க" என்றார் கிருஷ்ணப்பா.

ராஜலக்ஷ்மி மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். இத்தனை நாள் என் கண்ணில் படவே இல்லை! முனிராஜின் எழுத்து அச்சுப் போல நேராக வரும். கடைசி மூன்று வரி மட்டும் நேராக இல்லை. பச்சக்காவின் பெயர் மேலே ஏறி நின்ற இடத்தில், அவன் வரிகள் அதன்மேல் படாமல் வளைந்து, நெருங்கி, சுற்றிக்கொண்டு போயிருந்தன. நடுவழியில் மாடு படுத்திருந்தால் வண்டி ஒதுங்கிப் போவதுபோல.

"இந்த வரியெல்லாம் ஏன் வளைஞ்சு போறது?" என்றார்.

முனிராஜ் தரையைப் பார்த்தான். சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பையில் அவருடைய அழகான தாள்.

எழுந்தேன். "பச்சையம்மா சொல்றது நிஜம் மேடம். பக்கம் காலியா இருந்தது. காலியா வாங்கச் சொன்னதும் நான்தான், முனிராஜ் இல்ல. மூணு கூட்டம் அப்படி வாங்கினோம். தீர்மானம் எழுதறப்போ நானும் இங்கேதான் இருந்தேன். வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அப்புறம் ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. கிருஷ்ணப்பாவைப் பார்த்து, "எங்க அம்மாவும் இந்த மாதிரி ஒரு காலனியிலதான் பிறந்தாங்க" என்றேன். யாரும் கேட்காத கேள்விக்கு ஒரு பதில். அவர் சட்டைப் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து, மடித்து, திரும்ப வைத்துக்கொண்டார்.

மெயின் ரோட்டில் வேனின் ஹாரன் கேட்டது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. மூன்று முறை அடித்துவிட்டு வேன் போய்விட்டது.

செப்டம்பர் 27, வெள்ளி

ஃபண்டு நிறுத்தம். மூன்று தீர்மானமும் ரத்து. சார் குரலை உயர்த்தவே இல்லை. "ராஜினாமாவா எழுதிக் குடுத்துடுங்கோ, அதுதான் மரியாதை. உங்களுக்கும்." எழுதிக் கொடுத்தேன். முழுவதும் எழுதிவிட்டு, படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். இதில் எல்லாம் நான் ரொம்ப ஒழுங்கு!

அக்டோபர் 3

பள்ளம் வெட்டும் வேலை நின்றுவிட்டது. மிச்சமிருந்த கமிட்டி ஃபைலை ஒப்படைக்க நெல்லிகுண்டே போனேன். காலனியில் ஒருத்தி வாசலிலேயே நிறுத்தினாள். "ஆடும் போச்சு, கூலியும் போச்சு. நீ நல்லா இரு தாயி." பச்சக்கா வீடு பூட்டியிருந்தது. கரட்டில் அவள் இருக்கிறாளா என்று அண்ணாந்து பார்த்தேன். சின்னச் சின்னதாக ஏழு புள்ளி தெரிந்தது. ஒன்று குட்டியோ என்னவோ, எட்டு.

அக்டோபர் 21

லிங்கராஜபுரத்திலேயே ஒரு நர்சரி ஸ்கூலில் ஆபீஸ் வேலை. நடந்து போய்விடலாம். மூன்று பஸ் இல்லை, டெம்போ இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை.

டிசம்பர் 25

பலகாரம் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று. நெல்லிகுண்டேயிலிருந்து ஒரு சேதியும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயம்.

2003 பிப்ரவரி 9, ஞாயிறு

முனிராஜ் போன் செய்தான். திட்டத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன்.

குழு மறுபடி வந்ததாம். புதிய கமிட்டி போட்டால் ஃபண்டு வரும் என்றார்களாம். கிருஷ்ணப்பா தலைவராக நிற்கவில்லை. ஆனால் போர் காய்ந்தது காய்ந்ததுதானே, வந்து உட்கார்கிறார். கூட்டம் இனிமேல் ஞாயிறு காலை பத்து மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை வேன் வராது. பச்சக்கா வைத்த நிபந்தனை அது ஒன்றுதானாம்.

"கரடு?" என்றேன்.

"இன்னும் சண்டை நடக்குது மேடம். மூணு கூட்டமா நடக்குது. ஆனா எல்லாரும் இருக்கறப்ப நடக்குது." பிறகு, "அன்னிக்கி தப்ப என் மேல போடாம விட்டீங்களே, அதுக்குத்தான் போன் பண்ணேன்" என்றான்.

2004 ஆகஸ்ட் 22, ஞாயிறு

ஒன்றரை வருடமாக இந்த நோட்டைத் தொடவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும்.

முனிராஜ் கூப்பிட்டு அனுப்பியிருந்தான், ஒரு முறை வந்து பாருங்கள் என்று. போனேன். கரட்டைப் பாதியாகப் பிரித்திருக்கிறார்கள். வடக்குப் பாதியில் செடி, தெற்குப் பாதியில் ஆடு. இரண்டு வருடம் கழித்து மாற்றிக்கொள்வார்களாம். மூடிய பாதியில் வளரும் புல்லை அறுத்துக்கொள்ளும் உரிமை காலனிக்கு மட்டும். கிருஷ்ணப்பாவின் போரில் முழுசாக இல்லை, தினமும் அரை மணி நேரம் தண்ணீர் வருகிறது. வணக்கம் சொன்னார். வீட்டுக்குக் கூப்பிடவில்லை. பச்சக்காவிடம் இப்போது பதினான்கு ஆடு. அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பாய் போட்டாள்.

கூட்டம் பத்து மணிக்கு ஆரம்பித்து, ஏரி மதகு யார் பக்கம் திறப்பது என்று ஒரு மணி வரை நீண்டது. நிலக்காரர்களும் காலனியும் கத்திக்கொண்டார்கள். அப்படிக் கத்தியதை நான் இருந்த காலத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒன்றரைக்கு டெம்போ, அதை விட்டால் நாலு மணிக்குத்தான். தியோடர் வேறு சாப்பாட்டுக்குக் காத்திருப்பார். வந்திருக்கும் விருந்தாளியும் கையெழுத்துப் போட வேண்டும் என்று முனிராஜ் சொல்லியிருந்தான். மெதுவாகப் பக்கத்தில் நகர்ந்து, "புத்தகத்தைக் குடுங்கக்கா, நான் கையெழுத்துப் போட்டுட்டு ஓடிடறேன். டெம்போ போயிடும்" என்றேன்.

புத்தகம் பச்சக்கா மடியில் இருந்தது. அவள் அதை மூடி, மேலே கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னும் எழுதல மேடம்" என்றாள். "எழுதட்டும். எழுதிட்டு முனிராஜு படிப்பான். படிச்சது சரின்னு எல்லாரும் சொல்லணும். அப்புறமா போடு."

"டெம்போ—"

"போனா போவட்டும். உக்காரு."

உட்கார்ந்தேன். முனிராஜ் எழுதினான். எழுதிவிட்டுக் கன்னடத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை சத்தமாகப் படித்தான். ஒரு வார்த்தையை மாற்றச் சொல்லிக் காலனியிலிருந்து ஒருத்தி எழுந்தாள். மாற்றினான். மறுபடி படித்தான். டெம்போ வந்து, ஹாரன் அடித்து, போயிற்று. முதலில் பச்சக்கா போட்டாள். இப்போதும் மூன்று வரி உயரம்தான், ஆனால் முனிராஜ் அதற்கு இடம் விட்டு வைத்திருந்தான்.

என் முறை கடைசியில் வந்தது. வீட்டுக்கு வந்து சேர ஏழு மணி. தியோடர் சாப்பிடாமல் இருந்தார்.